கல்லூரி நூலகத்தில் நூலும் கட்டுரையும் தேடுதல்: காவிரிப் படுகை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தலைப்பு கிடைத்துவிட்டது. நூலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் எங்கே போக வேண்டும்?

அலமாரிக்கும் கணினிக்கும் போகும் முன், ஒரு தாளுடன் ஐந்து நிமிடம் உட்காருங்கள். “காவிரிப் பிரச்சினை” என்பது ஒரு நூலகத்தையே அடைத்துவிடக்கூடிய தலைப்பு. அதைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படாத ஆண்டுகளில் கடைமடை உழவர்கள் குறுவையைக் கைவிட்டு என்ன செய்தார்கள் என்பது தேடக்கூடிய ஒரு கேள்வி. 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கும் 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று அளித்த தீர்ப்புக்கும் இடையில் பங்கீட்டின் அடிப்படை எவ்வாறு மாறியது என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதலாவதற்கு வேளாண்மை, பொருளியல் அலமாரிகளும், இரண்டாவதற்குச் சட்டமும் வரலாறும் வேண்டும்.

கேள்வியை எழுதியபின் அதிலுள்ள ஒவ்வொரு முக்கியச் சொல்லின் கீழும் அதே பொருளைக் குறிக்கும் பிற சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வேளாண்மை, விவசாயம், உழவு, டெல்டா, கழிமுகம், படுகை, பாசனம், நீர்ப்பாசனம். இந்தத் தாள்தான் உங்கள் தேடலின் பாதி. நூலகத்தில் இருந்தும் கிடைக்காமல் போகும் நூல்களில் பெரும்பாலானவை, நாம் தேடிய சொல்லும் பட்டியலில் உள்ள சொல்லும் வேறாக இருப்பதாலேயே கிடைக்காமல் போகின்றன என்பது என் அனுபவம்.

நூற்பட்டியலில் ஆசிரியர் பெயரை அப்படியே தட்டச்சு செய்தால் வருவதில்லையே, ஏன்?

பெரும்பாலான நூலகங்களின் கணினிப் பட்டியலில், அதாவது ஓபாக்கில், பெயர் முன்னும் தலைப்பெழுத்து பின்னுமாக இருக்கும். கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரை “சாமிநாதையர், உ.வே.” என்று தேட வேண்டும். அவர் பெயரே சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று பலவாறு பதிவாகியிருக்கக்கூடும். தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரின் நடுப்பகுதியான “நாத” என்பதை மட்டும் கொடுத்தால் சில பட்டியல்கள் கண்டுபிடித்துத் தரும். வேறு சிலவற்றில் சொல்லின் தொடக்கத்தைக் கொடுத்து இறுதியில் உடுக்குறி (*) இட வேண்டியிருக்கும். புனைபெயரில் எழுதியவர்களை இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.

எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் ஓரிரு நூல்களே வருகின்றன. எங்கள் ஊரைப் பற்றி யாருமே எழுதவில்லையா?

எழுதியிருக்கிறார்கள். வேறு பெயரில் எழுதியிருக்கிறார்கள். டெல்டாவைப் பற்றித் தேடும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் மாணவனாக இருந்தபோது மயிலாடுதுறையிலுள்ள கூறைநாட்டு நெசவைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. மயிலாடுதுறை என்ற பெயரில் இரண்டு நாள் தேடிவிட்டு, இதைப் பற்றி நூல் எதுவும் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டேன். பிறகு வேறொன்றைத் தேடும்போது அதே நூலகத்தில் மாயவரம் என்ற சொல்லின் கீழ் எனக்கு வேண்டியது இருந்ததைக் கண்டேன். அந்த ஊர் 1982 வரை அரசுப் பதிவுகளில் மாயூரம். மக்கள் வாயில் மாயவரம். கூறைநாடும் பேச்சில் கொரநாடு. இவை எல்லாவற்றையும் நான் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஆங்கில நூல்களில் சிக்கல் இன்னும் பெரிது. தஞ்சாவூர் அங்கே டாஞ்சோர், திருச்சிராப்பள்ளி ட்ரிச்சினோபொலி, நாகப்பட்டினம் நெகபடம், தரங்கம்பாடி ட்ராங்குபார், கொள்ளிடம் கொலரூன், கல்லணை கிராண்ட் அணைக்கட்டு, 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் ஸ்டான்லி நீர்த்தேக்கம். காவிரி என்பதையே ஆங்கிலத்தில் ‘சி’ எழுத்தில் தொடங்கியும் ‘கே’ எழுத்தில் தொடங்கியும் எழுதுவார்கள்; நீதிமன்ற, நடுவர் மன்ற ஆவணங்கள் பெரும்பாலும் ‘சி’ எழுத்திலேயே தொடங்கும். தமிழிலும் காவிரி, காவேரி என்ற இரண்டையும் தேட வேண்டும். குடந்தை, தஞ்சை, நாகை என்ற சுருக்கங்களையும் விடக் கூடாது.

ஊர்ப் பெயருக்கு அடுத்தது மாவட்டம். திருவாரூர் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது அதனுடன் சென்றது. 1997இல் தானே மாவட்டத் தலைநகரானது. ஆகவே 1981ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருவாரூரின் புள்ளிவிவரம் வேண்டுமானால் தஞ்சாவூர் மாவட்டத் தொகுதியைத்தான் கேட்க வேண்டும். மயிலாடுதுறை 2020இல் மாவட்டமானதால், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது நாகப்பட்டினத்துக்குள் இருக்கும். இரண்டு ஆண்டுகளின் எண்களை ஒப்பிடும்போதும் இது தேவை. மாவட்டத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் நிலப்பரப்பு ஒன்றாக இராது. மாவட்டம் சுருங்கியதை மறந்துவிட்டு, தஞ்சாவூரில் நெல் பரப்பு குறைந்துவிட்டது என்று எழுதிய ப்ராஜெக்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் காரணத்தால், பழைய தஞ்சாவூர் மாவட்டம் முழுவதற்கும் எழுதப்பட்ட இரண்டு நூல்களை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஒன்று, வெங்கசாமி ராவ் 1883இல் எழுதிய மாவட்டக் கையேடு. மற்றொன்று, ஹெமிங்வே தொகுத்து 1906இல் வெளிவந்த மாவட்ட விவரச் சுவடி. இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளன. அரசு அதிகாரிகளின் பார்வையில் எழுதப்பட்டவை என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும் என்றாலும், உங்கள் ஊர் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை அறிய இவற்றைவிட விரைவான வழி இல்லை.

தமிழில் தட்டச்சு செய்து தேடினால் ஒன்றுமே வருவதில்லை. ஆனால் நூல் அலமாரியில் இருக்கிறது. பட்டியல் பழுதா?

பழுது என்று சொல்ல முடியாது. நான்கு காரணங்கள் இருக்கக்கூடும். முதலாவது, பல நூலகங்களில் தமிழ் நூல்களின் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்திருப்பார்கள். வரலாறு என்ற சொல்லில் நெடிலுக்கு ஒருவர் ஒரு ‘ஏ’ எழுத்தும் இன்னொருவர் இரண்டும் இட்டிருப்பார். ழகரத்துக்கும் ஒரே முறை இராது. ஆங்கில எழுத்திலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, புணர்ச்சி. நெல் என்று தேடினால் நெற்பயிர் வராது, ஏனெனில் லகரம் றகரமாகிவிட்டது. நீர்ப்பாசனம் என்பதைச் சிலர் ஒற்று இல்லாமலும், சிலர் இரண்டு சொல்லாகப் பிரித்தும் பதிந்திருப்பார்கள். கோயில், கோவில் என்ற இரண்டும் வழக்கில் உள்ளன. சொல்லின் மாறாத பகுதியை மட்டும் தருவதே தமிழில் தேடும் வழி. “பாசன” என்று நிறுத்தினால் பாசனம், பாசனத்தின், பாசனக் கால்வாய் எல்லாம் அகப்படும்.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது. ‘கொ’ என்ற எழுத்தை ஒகரக் குறியை ஒரே குறியாக இட்டும் தட்டச்சு செய்யலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் தட்டச்சு செய்யலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சில பட்டியல்களுக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். கொள்ளிடம், கோயில், தொழில் போன்ற சொற்களில் தேடி ஒன்றும் வராவிட்டால், ஒகர ஓகாரம் இல்லாத வேறொரு சொல்லைக் கொண்டு தேடிப் பாருங்கள்.

நான்காவது, மின்னூல்களுக்கு உரியது. அச்சு நூலைப் படமெடுத்துக் கணினி எழுத்தாக மாற்றும்போது, காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று மாறிப் பதிவாகும். காவிரி “கரவிரி” ஆகிவிடும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் பழைய ணை, லை, றா வடிவங்களும் தவறாகப் படிக்கப்படுகின்றன. இத்தகைய நூல்களில் தேடுபொறியை நம்பாமல் பொருளடக்கத்தைத் திறந்து படியுங்கள்.

நூலின் முதுகில் ஒட்டியுள்ள எண் எதற்கு?

அது நூலின் முகவரி. பெரும்பாலான கல்லூரிகள் 1876இல் வெளிவந்த டூயி தசமப் பகுப்பைப் பின்பற்றுகின்றன. தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி 494.811, தமிழக வரலாறு 954.82, நெல் 633.18. புள்ளிக்குப் பின் உள்ளதைத் தசமமாகப் படிக்க வேண்டும். 631.587 என்ற பாசன நூல்கள் 631.6 என்ற எண்ணுக்கு முன்னால் இருக்கும். ஐந்நூற்று எண்பத்தேழு ஆறைவிடப் பெரிது என்று நினைத்துப் பின்னால் தேடுபவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பகுப்பெண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும். இந்த எண்ணைப் பட்டியலிலிருந்து முழுமையாகக் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.

ஒரே பொருள் பல எண்களில் சிதறிக் கிடக்கும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். காவிரியைப் பற்றிய நூல் நீர்வளப் பொருளியலாக இருந்தால் 333.91இலும், அணைக் கட்டுமானமாக இருந்தால் 627.8இலும், வரலாறாக இருந்தால் 954.82இலும் இருக்கும். ஒரு நூலைக் கண்டெடுத்ததும் அதன் இருபுறமும் உள்ள பத்து நூல்களின் பொருளடக்கத்தையாவது புரட்டிப் பாருங்கள்.

நூல்களைப் பகுத்து அடுக்குவதை ஓர் அறிவியலாக வளர்த்தவர்களுள் தலையாயவர் நம் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பையும் வெளியிட்டார். பொருள், இடம், காலம் என்று ஒரு தலைப்பைக் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும் அவருடைய முறை, நூல் அடுக்குவதற்கு மட்டும் உரியதன்று. உங்கள் ஆய்வுத் தலைப்பையும் அவ்வாறே பிரித்துப் பாருங்கள். எது, எங்கே, எப்போது என்று மூன்று பத்தியாக எழுதினால் மேலே சொன்ன தாள் தானாக நிரம்பிவிடும்.

நூல் உள்ளது என்று பட்டியல் காட்டுகிறது. அலமாரியில் இல்லை. என்ன செய்வது?

திரும்பி வந்த நூல்கள் அடுக்கப்படாமல் மேசையில் இருக்கலாம், பைண்டிங்குக்குப் போயிருக்கலாம், வெளியே கொடுக்காத பார்வை நூல் பிரிவில் இருக்கலாம், யாரோ தவறான இடத்தில் செருகியிருக்கலாம். பகுப்பெண்ணோடு, ஒவ்வொரு படிக்கும் நூலகம் தனியே தரும் சேர்க்கை எண்ணையும் எழுதி நூலகப் பணியாளரிடம் கொடுங்கள். படித்த நூலை நீங்களே அலமாரியில் வைக்காமல் மேசையிலேயே விட்டுவிடுங்கள். தவறான இடத்தில் வைக்கப்பட்ட நூல் அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை யாருக்கும் கிடைக்காது.

நூலைத் தேடுவது போலவே கட்டுரையையும் தேடலாமா?

முடியாது. நூலகப் பட்டியல் இதழின் பெயரைக் காட்டும். இதழுக்குள் உள்ள கட்டுரைகளைப் பெரும்பாலும் காட்டாது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் ஓபாக்கில் கட்டுரைத் தலைப்பை இட்டுவிட்டு இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கட்டுரைகளைத் தரவுத்தளங்களில் தேட வேண்டும். கூகுள் ஸ்காலர் தொடக்கத்துக்கு நல்லது. அங்கே ஒரு பொருத்தமான கட்டுரை கிடைத்ததும் அதன் இறுதியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் படித்துப் பின்னோக்கிச் செல்லுங்கள். அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளைத் திறந்து முன்னோக்கியும் செல்லுங்கள். ஐம்பது முறை சொற்களை மாற்றித் தேடுவதைவிட இது பயன் தரும்.

சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் அச்சொற்கள் அதே வரிசையில் வரும். ஒரே பொருளுள்ள சொற்களுக்கு இடையில் ஆங்கிலத்தில் ‘OR’ என்று பெரிய எழுத்தில் இட்டால் எது இருந்தாலும் வரும். உழவரின் பெயரும் ஆய்வாளரின் பெயரும் வேறு என்பதை இங்கேயும் மறக்க வேண்டாம். கடைமடை என்பது ஆங்கிலக் கட்டுரைகளில் டெயில் எண்ட். ஆனால் குறுவை, சம்பா, தாளடி என்ற சொற்கள் ஆங்கில எழுத்தில் அப்படியே வரும். 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களை நம் வயலில் ஆடுதுறை 43 என்று சொன்னாலும், கட்டுரையில் ஏ.டி.டி. 43 என்ற சுருக்கமே இருக்கும்.

கட்டுரையின் சுருக்கம் தெரிகிறது. முழுவதையும் படிக்கப் பணம் கேட்கிறது. கட்ட வேண்டுமா?

எந்த மாணவரும் தம் கையிலிருந்து கட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முதலில், உங்கள் கல்லூரி அரசுக் கல்லூரியா என்று பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் கீழ், மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. அதே மையத்தின் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி உறுப்பினராக இருந்தால், உங்களுக்கெனத் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெற்று வீட்டிலிருந்தே மின்னூல்களையும் இதழ்களையும் படிக்கலாம். வல்லத்திலோ வேதாரண்யத்திலோ இருந்து பேருந்தில் வந்துபோகும் மாணவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கும் மாணவர்கள் மிகக் குறைவு. இன்றே கேளுங்கள்.

இரண்டிலும் கிடைக்காவிட்டால், கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். ஆசிரியரோ அவருடைய பல்கலைக்கழகமோ இலவசப் படியை வெளியிட்டிருக்கக்கூடும். ஆசிரியருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். தம் கட்டுரையைப் படிக்க விரும்பும் மாணவருக்கு அனுப்பப் பெரும்பாலான ஆய்வாளர்கள் மகிழ்ச்சியுடன் முன்வருவார்கள்.

பிறர் செய்த பிஎச்.டி. ஆய்வேடுகளைப் பார்க்க முடியுமா?

பார்க்கலாம். சோத்கங்கா என்ற இன்ஃப்ளிப்நெட் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாக உள்ளன. திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பெயரில் நுழைந்து துறைவாரியாகப் பார்த்தால் டெல்டாவைப் பற்றிய பல ஆய்வேடுகளைக் காணலாம். முழுவதையும் படிப்பதற்கு முன், முன்னாய்வுகளைப் பற்றிய இயலையும் துணைநூற்பட்டியலையும் படியுங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுத்த பட்டியல் அது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நூற்பட்டியலே தருகிறதே?

தருகிறது. அதில் சில நூல்கள் உலகில் இல்லாதவை. உண்மையான ஆசிரியர் பெயர், நம்பும்படியான தலைப்பு, சரியான இதழ் ஆகியவற்றைச் சேர்த்து இல்லாத கட்டுரையை அது உருவாக்கிவிடும். தேடுசொற்களைப் பெருக்கிக்கொள்ள அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது சொல்லும் ஒவ்வொரு நூலையும் பட்டியலில் கண்டு, கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைத் திறந்து, கண்ணால் பார்க்காமல் எழுத வேண்டாம். பார்க்காத நூலைப் பார்த்ததாக எழுதுவது, யார் சொல்லி எழுதினாலும், பொய்தான்.

எங்கள் நூலகத்தில் இல்லாத பழைய தமிழ் நூல்களை எங்கே தேடுவது?

வீட்டிலிருந்தே தொடங்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அச்சு நூல்களும் பழைய இதழ்களும் படங்களாக உள்ளன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இலக்கியங்கள் எழுத்துவடிவில் உள்ளதால் சொல் தேடலாம். நேரில் செல்ல வேண்டுமானால் நம் அருகிலேயே 1981இல் நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நூலகம் இருக்கிறது. தஞ்சை அரண்மனை வளாகத்தில், இரண்டாம் சரபோசி மன்னர் பெரிதும் வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தில் தமிழ், வடமொழி, தெலுங்கு, மராத்திச் சுவடிகள் உள்ளன. அங்கே போகும் முன் அவர்கள் அச்சிட்டுள்ள சுவடி விளக்க அட்டவணையில் வேண்டிய சுவடியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கல்லூரி முதல்வரின் அறிமுகக் கடிதத்துடன் செல்லுங்கள். எண் தெரியாமல் சென்றால் பேருந்துச் செலவும் ஒரு நாளும் வீணாகும். சென்னைக்குப் போக முடிந்தால் கன்னிமாரா, உ.வே.சா. நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

நான் உறுப்பினராக இல்லாத கல்லூரியின் நூலைப் பெற முடியுமா?

உங்கள் நூலகர் அந்த நூலகருக்குக் கடிதம் எழுதினால், அங்கேயே அமர்ந்து படிக்க அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டு. சில வேளைகளில் இரவலாகவும் கிடைக்கும். கேட்கத் தயங்க வேண்டாம். 1903ஆம் ஆண்டு வாக்கில் கும்பகோணத்தில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ராமானுஜனின் கைக்கு, கார் என்பவர் தொகுத்த கணிதத் தேற்றங்களின் தொகுப்பு, அவ்வூர் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து நண்பர் மூலமாகத்தான் வந்தது. அவர் அப்போது அக்கல்லூரியின் மாணவர் அல்லர்.

பழைய நூலில் வெளியான ஆண்டு இல்லை. “சர்வஜித்து” என்று மட்டும் இருக்கிறது.

அது அறுபது ஆண்டுச் சுழற்சியில் 21ஆம் ஆண்டு. பிரபவ ஆண்டு 1867, 1927, 1987 ஆகியவற்றின் சித்திரையில் தொடங்கியது. அதிலிருந்து எண்ணினால் சர்வஜித்து 1887-88 அல்லது 1947-48. இரண்டில் எது என்பதை அச்சகத்தின் பெயர், முன்னுரையில் குறிப்பிடப்படும் மனிதர்கள் ஆகியவற்றைக் கொண்டு தீர்மானியுங்கள்.

நூலைத் திருப்பிக் கொடுக்கும் முன் என்னென்ன குறித்துக்கொள்ள வேண்டும்?

ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு, நீங்கள் எடுத்தாண்ட பக்கங்கள். கட்டுரையானால் இதழின் பெயர், தொகுதி, எண், பக்கங்கள், டி.ஓ.ஐ. இவற்றுடன் பகுப்பெண்ணையும் எழுதுங்கள். செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு பக்க எண்ணுக்காக மீண்டும் ஓடிவரும் மாணவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கும் வருத்தமாக இருக்கிறது. தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால் போதும்.

நூலகரிடம் எந்த அளவுக்கு உதவி கேட்கலாம்?

“காவிரியைப் பற்றி ஏதாவது இருக்கிறதா சார்” என்று கேட்டால் அவர் ஓர் அலமாரியைக் காட்டுவார். நீங்கள் எழுதிய தாளைக் காட்டி, இந்தக் கேள்விக்காக இந்தச் சொற்களில் தேடினேன், இவை கிடைத்தன, இன்னது கிடைக்கவில்லை என்று கேட்டால், அவர் தம் நாற்காலியிலிருந்து எழுந்து உங்களுடன் வருவார். தேர்வுக் காலத்து மதிய வேளையைத் தவிர்த்து, காலையில் நூலகம் திறந்த முதல் மணி நேரத்தில் வாருங்கள்.